பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருப்பவர் சிங்கப்பூர் போனால் வாழ்க்கைத் தரம் உயருமா?

ஊர் கொடுக்கும் வசதியில் கண்டிப்பாக உயரும், கையில் மிஞ்சும் பணத்தில் உயருமா என்பது வேறு கணக்கு. இங்கே அல்சூர் பக்கம் மார்ச் வந்துவிட்டால் டேங்கர்காரருக்குப் போன் போட்டுவிட்டு சம்ப்பில் குச்சி விட்டுத் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். மெட்ரோ இங்கே 2011-இல்தான் வந்தது, அங்கே 1987-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ராத்திரி நேரத்தில் பெண்கள் தைரியமாக வீடு திரும்பலாம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

ஆனால் சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே முக்கால்வாசிப் பேர் குடியிருப்பது அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான், அதைப் புதிதாக வாங்கக் குடும்பத்தில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். வேலை பாஸில், அதாவது அங்கே வேலை பார்க்கத் தரும் அனுமதியில் போகிறவருக்கு வாடகைதான், நம்ம ஊர் பிஎஃப் மாதிரியான சிபிஎஃப்பும் கிடையாது. கார் என்றால் வண்டி விலை தனி, அதை வைத்துக்கொள்ள 10 வருட உரிமத்தை ஏலத்தில் எடுப்பது தனி. அப்பா அம்மாவை நீண்ட நாள் கூட வைத்துக்கொள்ளவும் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று வரம்பு உண்டு. அப்புறம், மகனுக்கும் நிரந்தரவாசம் எடுத்தால் அவனுக்குப் பின்னாளில் கட்டாய ராணுவச் சேவை வரும், அதையும் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.