நைட் ஷிப்ட் வாரத்தில் ஏறிய இரண்டரை கிலோ: விட்டு விட்டுச் செய்தால் எடை குறையாதா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் (வயது 39, உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ) கேட்டிருக்கிறார்: "மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட். வாக்கிங், டயட் என்று ஆரம்பித்து 12 நாளில் 3 கிலோ குறைந்தது. அடுத்து வந்த நைட் ஷிப்ட் வாரத்தில் எல்லாம் விட்டுப்போய் இரண்டரை கிலோ திரும்ப ஏறிவிட்டது. போன வருஷமும் இதே கதைதான். ஜிம்மில் ஒரு வருஷத்துக்கு 18,000 ரூபாய் மொத்தமாகக் கட்டச் சொல்கிறார்கள், கூடவே ஒரு பவுடரும் குடித்தால்தான் எடை நிற்குமாம். சுகருக்கு மாத்திரை போடுகிறேன். என்னை மாதிரி ஆளுக்கு இதெல்லாம் வேஸ்டா?"

வேஸ்ட் இல்லை. முதலில் அந்த இரண்டரை கிலோ பயத்தை விடுங்கள், அதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரே வாரத்தில் இரண்டரை கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் உங்களுக்குத் தேவையான சாப்பாட்டுக்கு மேல் தினமும் 2,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும், அதாவது இன்னொரு ஆளின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் நீங்களே சாப்பிட்டிருக்க வேண்டும். ராத்திரி பரோட்டா சால்னா சாப்பிட்டிருந்தால்கூட அவ்வளவு போயிருக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், சால்னா, ஊறுகாய், கருவாட்டு உப்பு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். சோற்றைக் குறைத்தால் இறங்கும், பழையபடி சாப்பிட்டால் ஏறும். அதே கணக்கில், முதலில் குறைந்த 3 கிலோவிலும் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான்.

இதை வைத்துத்தான் ஊர் முழுக்க வியாபாரம் நடக்கிறது. 'பத்து நாளில் நாலு கிலோ' என்று போர்டு வைக்கிறவர் உங்களிடம் விற்பது இந்தத் தண்ணீரைத்தான். பத்தாம் நாள் எடை மெஷினில் நிற்க வைத்து போட்டோ எடுப்பார், நாற்பதாம் நாள் எடுக்கமாட்டார். பவுடர் டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருப்பதைக் காட்டி 'கவர்ன்மென்ட் அப்ரூவ்டு சார்' என்பார்கள். அந்த எண் தயாரிப்பாளருக்குத் தொழில் நடத்த உரிமம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, உங்கள் தொப்பை குறையும் என்று அரசாங்கம் கொடுத்த கேரண்டி இல்லை. புரதம்தானே வேண்டும்? ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது நெத்திலியும் மத்தியும் வாங்கிக் குழம்பு வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டை, சுண்டல், பயறு. மாசம் சில ஆயிரம் கொடுத்து ஷேக் குடிக்க நமக்கு என்ன தலையெழுத்து?

வருஷக் கட்டணம் கட்டாதீர்கள். பிப்ரவரியில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஜனவரியில் மொத்தமாக வாங்குகிறார்கள். மாசா மாசம் கட்டும் இடமாக, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். டாக்டருக்கு இருப்பது போல ஜிம் ட்ரெய்னருக்குக் கட்டாயப் பதிவு எதுவும் நம் நாட்டில் கிடையாது. யார் வேண்டுமானாலும் டி-ஷர்ட் மாட்டிக்கொண்டு உங்கள் மூட்டோடு விளையாடலாம், கேட்பதற்கு ஆள் இல்லை.

சரி, உங்கள் நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். எல்லா வாரமும் பகல் ஷிப்ட் என்பது போல ஒரே டைம்டேபிள் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் நைட் வந்ததும் மொத்தமும் விழுகிறது. இரண்டு டைம்டேபிள் போடுங்கள். பகல் வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள், பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் அதில் வந்துவிடும். நைட் வாரத்தில் அதைக் கேட்காதீர்கள். தூங்கி எழுந்ததும் பத்தே நிமிடம், வீட்டுக்குள்ளேயே: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறி இறங்குவது. பத்து நிமிடத்தில் என்ன கொழுப்பு கரையும் என்று கேட்பீர்கள். பெரிசாகக் கரையாது, ஆனால் அடுத்த வாரம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிற வேலை இருக்காது, மூன்று வாரத்தில் நின்றுபோகிற பழைய கதையை உடைப்பது அதுதான். லண்டனில் பழக்கங்களைப் பற்றி நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு எட்டு மாதம்கூட. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது அதைக் கெடுக்கவில்லை. ஒரு நாள் விட்டதற்காக வாரத்தையே தலைமுழுகுவதுதான் கெடுதல்.

எங்கே நடப்பது என்று கேட்டால் எனக்கும் கோபம்தான் வருகிறது. 2023-இல் அரசு மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதை என்று திட்டம் கொண்டுவந்தது, சென்னைக்கு அது பெசன்ட் நகரில் அமைந்தது. நமக்கு எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையும், கடை ஏறிய பிளாட்பாரமும். பக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா இருந்தால் அதிலேயே சுற்றுங்கள், இல்லாவிட்டால் மொட்டை மாடி. லாரிப் புகையில் நடக்க வேண்டாம்.

ராத்திரி டீயைக் கவனியுங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு ஐந்து டீ என்றால் நாற்பது, ஐம்பது கிராம் சர்க்கரை, சுகர் இருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சர்க்கரை இல்லாமல் இரண்டோடு நிறுத்துங்கள். வீட்டிலிருந்து டப்பா எடுத்துப் போனாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது மாத்திரை விஷயம், இதை இரண்டு தடவை படியுங்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு சாப்பாட்டை மட்டும் திடீரென்று பாதியாக்கினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். அட்டையில் என்ன பெயர் என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்று இருந்தாலோ இன்சுலின் போட்டாலோ, உணவைக் குறைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைச் சரி பார்க்க வேண்டும், நைட் வாரத்தில் எந்த நேரம் போடுவது என்றும் கேட்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை, அப்புறம் ஏதாவது சாப்பிடுங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் இல்லாமல் யார்டுக்குப் போகாதீர்கள், கூட வேலை செய்கிறவரிடமும் சொல்லி வையுங்கள். ஜிம்காரர் இதைக் கேட்டாரா? பவுடர் விற்றவர்? கேட்டிருக்கமாட்டார்கள்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். வாரம் ஒரு நாள், எழுந்து கழிவறை போய்வந்ததும், வெறும் வயிற்றில். பகல் வார எடையைப் பகல் வார எடையோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாசம் இரண்டு கிலோ குறைந்தால் நன்றாகவே போகிறது. நாலரை கிலோ, அதாவது உங்கள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சுகரிலும் பிரஷரிலும் வித்தியாசம் தெரியும். தொப்புள் மட்டத்தில் இடுப்பு அளவையும் எழுதி வையுங்கள், நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

ஒருவேளை ஜிம்முக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு, திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால் ரசீதையும் அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.