கையில் இருப்பது பென்னியா, ஜெட்டனா? வாசகர் கேள்விகள்

நடுவில் துளை உள்ள பென்னி கிடைத்தது. மதிப்பு குறையுமா? (நார்ஃபோக்)

பென்னியே இல்லை. முதல் மூன்று எட்வர்ட் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து ஜெட்டன், அதாவது பலகையில் வைத்துக் கணக்குப் போடும் உலோக வில்லை. தோராயமாக 1280 முதல் 1350 வரை அடித்தது. முகமும் கிரீடமும் வெள்ளிக் காசான பென்னியில் உள்ளதைப் போலவே இருந்ததால், யாரும் வெள்ளி பூசிப் பென்னி என்று கைமாற்றிவிடக்கூடாது என்று நடுவில் குத்தினார்கள். சிலவற்றில் துளை முழுசாக விழாமல் பள்ளம் மட்டும் இருக்கும். துளை விளிம்பருகே இருந்தால், பிற்பாடு யாரோ கயிற்றில் கோத்திருக்கிறார்கள்.

ஒரு ஜெட்டன் எத்தனை பென்னிக்குச் சமம்? (கென்ட்)

அதற்கென்று தனி மதிப்பு கிடையாது. கணக்குப் பலகையில் எந்தக் கோட்டில் வைக்கிறோமோ அதுதான் மதிப்பு. கீழ்க்கோட்டில் 1, அடுத்ததில் 10, அதற்கு மேல் 100. இரண்டு கோட்டுக்கு நடுவில் வைத்தால் 5, 50.

இது எவ்வளவுக்குப் போகும்? (ஊர் எழுதவில்லை)

ஒரு பக்கத்துக்கு மட்டும் படம், அதுவும் மங்கல். விட்டம் இல்லை, கிடைத்த இடமும் இல்லை. இதை வைத்து என்ன சொல்ல? இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள்.

வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தேன். எழுத்து காணாமல் போய்விட்டது. மீட்க முடியுமா? (லிங்கன்ஷர்)

முடியாது. வினிகர் வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது! இவை செம்புக் கலவை. 600, 700 வருஷம் மண்ணில் கிடந்ததில் மேல்தோல் பச்சையாக மாறியிருக்கும். எழுத்தும் பூ வேலையும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் நிற்கின்றன. அமிலம் அதைத்தான் முதலில் தின்னும். மிஞ்சுவது குழி விழுந்த, இளஞ்சிவப்பு வட்டத் தகடு. அது இங்கிலாந்தில் அடித்ததா, இன்றைய பெல்ஜியத்தின் துர்னே நகரில் அடித்ததா என்றுகூட இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை மண் காய்ந்ததும் மெல்லிய பிரஷால் தட்டுங்கள், ஒட்டிய இடத்தில் மரப் பல்குச்சி, அவ்வளவுதான். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது செம்பை அரிக்கும் நோய். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைத்து, பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். கிடைத்த இடத்தையாவது குறித்து வைத்தீர்களா?

அரசிடம் ஒப்படைக்க வேண்டுமா? (சஃபோக்)

தனியாகக் கிடைத்த சாதாரண ஜெட்டன் 1996 புதையல் சட்டத்துக்குள் வராது. ஆனால் நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம். உங்கள் மாவட்டக் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். இப்படிப் பதிவு செய்யும் திட்டம் 1997 முதல் நடக்கிறது.

ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் சிலுவை வைத்த உருண்டை, 'ஹான்ஸ் கிரவுவின்கல்' என்ற பெயர். இடைக்காலமா? (எசெக்ஸ்)

இல்லை. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரச் சரக்கு, 1600ஐ ஒட்டியது. இங்கிலாந்து வயல்களில் நிறையக் கிடைக்கும்.

'ஆவே மரியா' என்று இருக்கிறது. தேவாலயப் பதக்கமா? (யார்க்‌ஷர்)

இல்லை, இதுவும் கணக்குக்கு வைத்த ஜெட்டன்தான். பிரெஞ்சு அல்லது துர்னே வகை. 14, 15ஆம் நூற்றாண்டு. எந்த வயல், எந்த மூலை என்று இன்றைக்கே எழுதி வையுங்கள்.