கப்பலில் எந்த கேபின்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நானும் என் கணவரும் முதன்முறையாக ஏழு இரவுக் கப்பல் சுற்றுலா ஒன்றுக்குப் பதிவு செய்யவிருக்கிறோம். சன்னல் இல்லாத உட்புற கேபின்தான் எங்கள் கைக்கு எட்டுகிறது. பயண முகவரோ, "அது சிறை மாதிரி இருக்கும், கொஞ்சம் கூடப் போட்டு பால்கனி கேபினாக எடுத்துவிடுங்கள்" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

பதில்: முகவரின் கமிஷன் பெரும்பாலும் கட்டணத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள். அதற்காக அவர் சொல்வதெல்லாம் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். உட்புற கேபின் எல்லாருக்கும் ஒத்துவராது என்பது உண்மைதான்.

பெரிய கப்பல்களில் உட்புற கேபின் ஏறத்தாழ 14 முதல் 17 சதுர மீட்டர் பரப்பளவு கொண்டது. அதற்குள் இருவருக்கான கட்டில், குளியலறை, அலமாரி, தொலைக்காட்சி, சிறு மேசை எல்லாம் அடங்கிவிடும். பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். உணவகம், நீச்சல் குளம், அரங்கம் போன்ற பொது வசதிகள் பால்கனிக்காரருக்கும் உங்களுக்கும் ஒன்றுதான். உங்களுக்கு இல்லாதவை வெளிச்சமும் காற்றும் மட்டுமே. விளக்கை அணைத்துவிட்டால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுபோல் இருக்கும். விடிந்தது தெரியாமல் தூங்கி, இறங்க வேண்டிய துறைமுகத்தில் பாதி நாளைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பல கப்பல்களில், முன்புறக் கேமராவின் நேரடிக் காட்சிக்கென்றே தொலைக்காட்சியில் ஒரு சேனல் இருக்கும். ஒலியை அடக்கி அதை இரவு முழுவதும் ஓடவிட்டால், கருத்துக் கிடந்த திரை சாம்பல் நிறமாகி மெல்ல வெளுப்பதைக் கண்டு, பொழுது விடிந்துவிட்டது என்று படுத்தபடியே அறியலாம். ஆனால் மூடிய இடத்தில் மூச்சு முட்டுவதுபோல் உணர்பவர் உங்களில் ஒருவராக இருந்தால், உட்புற கேபின் யோசனையையே விட்டுவிடுங்கள்.

அடுத்து, கப்பல் எந்த வழியில் போகிறது என்று பாருங்கள். நார்வேயின் குறுகிய கடற்கழிகளிலும் அலாஸ்காவின் உள்கடல் வழியிலும் கப்பல் பகல் வெளிச்சத்திலேயே மலைகளுக்கு நெருக்கமாகச் செல்லும். அங்கே பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும் நாள்தோறும் ஒரு துறைமுகம் என்ற திட்டங்களில் கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் கரையில் நிற்கும். பால்கனியிலிருந்து இரவில் இருட்டும் பகலில் துறைமுகத் தளமும்தான் தெரியும். அந்தப் பகலிலும் நீங்கள் ஊர் சுற்றப் போயிருப்பீர்கள். தவிர, பால்கனி கப்பலின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். மேல்தளத்துக்கு ஏறினால் இரு பக்கமும் தெரியும், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

விலைப் பட்டியலில் காணும் வித்தியாசம் ஒரு நபருக்கானது, அதுவும் இருவர் ஒரே கேபினில் தங்குவதாகக் கொண்டு சொல்லப்படுவது. "கொஞ்சம் கூடப் போட்டு" என்று முகவர் சொல்லும் தொகையை இரண்டால் பெருக்கிப் பாருங்கள். பெருக்கி வரும் தொகை, துறைமுகங்களில் நீங்கள் போக விரும்பும் கரைச் சுற்றுலாக்களின் செலவுக்கு ஈடாக இருந்தால், நான் தயங்காமல் உட்புற கேபினையே எடுப்பேன். இரண்டுக்கும் நடுவே, திறக்க முடியாத சன்னல் கொண்ட கடல்பார்வை கேபின் என்று ஒரு வகை உண்டு. அதற்கும் உட்புற கேபினுக்கும் விலை வித்தியாசம் சிறியதாக இருக்கும் பயணங்களில் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: ஒரே கப்பலில், ஒரே உட்புற கேபின் வகையில், ஐந்தாறு விலைகள் போட்டிருக்கிறார்கள். அறை ஒன்றுதானே, விலை மட்டும் ஏன் வேறு?

பதில்: அறை ஒன்றுதான், இருக்கும் இடம் வேறு. உயரத் தளங்களுக்கும் கப்பலின் நடுப்பகுதிக்கும் கூடுதல் விலை வைப்பது வழக்கம். உயரமான தளம் என்றால் உயர்ந்தது என்ற நினைப்பு பயணிகளிடம் இருப்பதால் நிறுவனங்களுக்கு அது வசதியாகிவிட்டது. நிம்மதியாகத் தூங்குவதற்கு உயரத்தைவிட அக்கம்பக்கமே முக்கியம். கேபின் வகையைவிட இருப்பிடத்துக்கு முதலிடம் கொடுங்கள் என்பதே, சிக்கனமாகப் போக நினைப்பவர் எவருக்கும் நான் சொல்வது.

கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொரு தளத்தின் வரைபடத்தையும் இணையதளத்தில் வெளியிடுகின்றன. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கேபின் எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு நேர் மேலே உள்ள தளத்தையும் நேர் கீழே உள்ள தளத்தையும் பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மேலே நீச்சல் குளத் தளம் என்றால், விடியலுக்கு முன்பே பணியாளர்கள் தளத்தைக் கழுவிவிட்டுச் சாய்வு நாற்காலிகளை வரிசைக்கு இழுக்கும் கரகர ஒலி உங்கள் தலைக்கு மேலே கேட்கும். ஒரு வரிசை முடிந்தது என்று கண்ணை மூடினால் அடுத்த வரிசை தொடங்கும். கீழே நடன அரங்கோ மதுக்கூடமோ இருந்தால் பாட்டு கேட்காது, அதன் அடித்தாளம் மட்டும் நள்ளிரவு தாண்டியும் கட்டில் வழியாக வந்துகொண்டிருக்கும். வரைபடத்தில் பெயர் குறிக்காமல் வெறுமையாக விடப்பட்ட கட்டங்கள் பெரும்பாலும் பணியாளர்களுக்கானவை: சாமான் அறை, சமையற்கட்டின் ஒரு பகுதி, பணியாளர் படிக்கட்டு. அவற்றின் கதவுகள் அடிக்கடி திறந்து மூடும் என்பதால் அந்தக் கட்டங்களை ஒட்டிய கேபின்களைத் தவிர்ப்பது நல்லது.

பக்கத்து அறைக்கு உட்கதவு உள்ள கேபின்களை வரைபடத்தில் ஒரு சிறு குறியால் காட்டியிருப்பார்கள். சுவரைவிடக் கதவு ஒலியை எளிதில் கடத்தும். இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு அது வரம், அன்னியருக்குப் பக்கத்தில் தங்குபவருக்குத் தொல்லை. கப்பலின் முன்கோடியில் இருந்தால், துறைமுகத்தில் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளின் உறுமலும், நங்கூரம் இறக்கும் இடங்களில் அதன் சங்கிலி ஓசையும் காலையில் எழுப்பிவிடும். பின்கோடியின் கீழ்த்தளங்களில் இயந்திர அதிர்வு தெரியலாம். இன்னொரு செய்தி: மாலுமிகள் கப்பலைச் செலுத்தும் அறைக்குக் கீழே, முன்னோக்கிச் சன்னல் உள்ள கேபின்களில், இருட்டிய பிறகு திரைச்சீலையை மூடிவைக்கச் சொல்வார்கள். உள்ளிருந்து வரும் வெளிச்சம் அவர்கள் பார்வையைக் கெடுக்கும் என்பதே காரணம். பார்வைக்கென்று பணம் கொடுத்தும் இரவில் பார்க்க முடியாமல் போகும்.

கேள்வி: என் தாயாருக்குப் பேருந்தில் போனாலே குமட்டும். அவருக்கு எந்த இடத்தில் கேபின் எடுப்பது?

பதில்: சிறுவர் பூங்காவில் இரு நுனிகளும் மாறி மாறி ஏறி இறங்க, நடுவில் மட்டும் ஆட்டம் குறைவாக இருக்கும் சீசா பலகையைப் போன்றதுதான் கப்பலும். அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது இரு கோடிகளும் அதிகம் அசையும். இடமும் வலமும் சாயும்போது மேல்தளங்கள் அதிகம் அசையும். நீளவாக்கில் நடுவிலும் உயரவாக்கில் கீழேயும் உள்ள கேபின்களில் அசைவு மிகக் குறைவு. நல்ல வேளையாக, கீழ்த்தள கேபின்களின் விலையும் குறைவு. நவீனக் கப்பல்களின் இரு பக்கங்களிலும் உள்ள துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் பக்கவாட்டுச் சாய்வைத்தான் குறைக்கும், முன்பின் ஆட்டத்தை அல்ல. ஆகவே முன்கோடி கேபின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது குமட்டலைக் குறைக்கும் என்பதால், உங்கள் தாயாருக்குக் கீழ்த்தளத்தின் நடுவில் வட்டச் சன்னல் உள்ள கடல்பார்வை கேபினே மிகப் பொருத்தம். கடல் கொந்தளிக்கும்போது மிகக் கீழே உள்ள சன்னல்களை இரும்பு மூடியால் அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது மேலேறித் திறந்தவெளிக்கு வருவதே வழி. மாத்திரை தேவையா, எது தேவை என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போடும் மாத்திரைக்குப் பலன் குறைவு.

கேள்வி: எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். நால்வரும் ஒரே கேபினில் தங்குவதா, இரண்டு கேபின் எடுப்பதா?

பதில்: மூன்றாம், நான்காம் நபருக்குக் கட்டணம் பொதுவாகக் குறைவு என்பதால், ஒரே கேபின் மலிவாகத்தான் தோன்றும். அதன் உட்புறத்தையும் எண்ணிப் பாருங்கள்: கூரையிலிருந்து இறக்கப்படும் மடக்குப் படுக்கைகள், ஏணி, இரவு உணவுக்கு ஒரே நேரத்தில் நால்வரும் கிளம்பும்போது ஒரே குளியலறை. நால்வருக்கான பால்கனி கேபின் ஒன்றின் மொத்தக் கட்டணத்தையும், உட்கதவுள்ள இரண்டு உட்புற கேபின்களின் மொத்தக் கட்டணத்தையும் எழுதி ஒப்பிடுங்கள். சில பயணங்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். அப்போது இரண்டு கேபினே மேல். ஒவ்வொரு கேபினிலும் பெரியவர் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருப்பதால், ஆளுக்கொரு பிள்ளையாகப் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் முன்கூட்டியே பதியுங்கள். நால்வர் கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு. அதோடு, ஒவ்வொரு உயிர்காப்புப் படகுக்கும் இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால், கேபின் காலியாக இருந்தும் மூன்றாம், நான்காம் படுக்கையை விற்க மறுக்கும் நிலை வருவதுண்டு.

கேள்வி: படகு மறைக்கும் கடல்பார்வை கேபின் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வெளிச்சம் போதும், காட்சி வேண்டாம் என்றால் தாராளமாக எடுக்கலாம். உயிர்காப்புப் படகு சன்னலை முழுதும் அடைக்கிறதா, அதன் மேல்விளிம்பு மட்டும் தெரிகிறதா என்பது கேபினுக்குக் கேபின் மாறும் என்பதால், எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்ய விரும்புகிறேன். இருவருக்கான கட்டணத்தையும் நானே கட்ட வேண்டும் என்கிறார்களே, நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, நடைமுறை அதுதான். கேபின் விலை இருவரை வைத்துப் போடப்படுவதால், தனியாக வருபவரிடம் இரண்டாம் நபரின் கட்டணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கூடுதலாக வாங்குகிறார்கள். 2010-இல் பயணத்தைத் தொடங்கிய நார்வேஜியன் எபிக் கப்பலில் தனிப் பயணிகளுக்கென்றே சுமார் 9 சதுர மீட்டர் அளவில் 128 சிறு கேபின்களை அமைத்தார்கள். பிறகு வேறு சில நிறுவனங்களும் இதைப் பின்பற்றின. தனியர் கேபின் என்ற பெயரைக் கண்டதும் மலிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவை எண்ணிக்கையில் குறைவு, தேவையோ அதிகம். தள்ளுபடிக் காலத்தில் அதே கப்பலின் சாதாரண உட்புற கேபினை இரட்டைக் கட்டணத்தில் எடுப்பது அதைவிடக் குறைவாக வரக்கூடும்.

கேள்வி: கேபின் எண்ணை நிறுவனமே பின்னர் முடிவு செய்யும் 'கியாரண்டி' கட்டணத்தில் பதிவு செய்தால் விலை குறைகிறது. பிறகு, கூடுதல் தொகை கேட்டு ஏலத்தில் மேல்வகை கேபினுக்கு மாறலாம் என்று மின்னஞ்சலும் வரும் என்கிறார்கள். இரண்டையும் நம்பலாமா?

பதில்: கியாரண்டி என்றால், நீங்கள் பணம் கட்டிய வகை அல்லது அதைவிட மேலான வகை கிடைக்கும் என்ற உறுதி மட்டுமே, எந்தத் தளம், எந்தக் கோடி என்ற உறுதி இல்லை. எங்கே போட்டாலும் தூங்கிவிடுவேன் என்பவர்களுக்கு, அதிலும் உட்புற கேபின் எடுப்பவர்களுக்கு, இது நல்ல பேரம். குமட்டல் உள்ளவர்களுக்கும் மெல்லுறக்கக்காரர்களுக்கும் இது ஒத்துவராது. இரண்டு கேபின் எடுக்கும் குடும்பங்களும் ஒதுங்கி இருப்பதே நல்லது, ஏனெனில் அந்த இரண்டும் அருகருகே அமையும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். மேல்வகைக்கு மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து மட்டும் இதை எடுக்காதீர்கள்.

ஏலத்துக்கு வந்தால், நீங்கள் குறிப்பிடும் தொகை பெரும்பாலும் ஒரு நபருக்கானது, இருவருக்கும் சேர்த்தது அல்ல. வென்றுவிட்டால் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படும், மனம் மாறினாலும் பழைய கேபினுக்குத் திரும்ப முடியாது. வரைபடம் பார்த்துத் தேர்ந்த அமைதியான இடத்தை விட்டு, நீச்சல் குளத்துக்கு நேர் கீழே உள்ள பால்கனிக்குப் போய்ச் சேரவும் கூடும். இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள் அந்த மின்னஞ்சலைக் கண்டுகொள்ள வேண்டாம். அதைவிட, இறுதித் தவணை கட்ட வேண்டிய நாள் வரை அவ்வப்போது விலையைப் பார்த்துவாருங்கள். அந்த நாளுக்குள் உங்கள் கேபின் வகையின் விலை இறங்கினால் பல நிறுவனங்கள் கேட்பவர்களுக்குப் புதிய விலையைத் தருகின்றன. அப்படி மாற்றினால் பழைய பதிவோடு வந்த சலுகைகள் பறிபோகுமா, முன்பணம் திரும்பக் கிடைக்காத வகையா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.