வேகக் கேமரா வழக்குகள்: கேள்வி பதில்

கே: ரேடாரையே நம்ப முடியாது என்று வாதாடலாமா?

ப: அந்த வாதம் 1955-லேயே செத்துவிட்டது. ரேடார் தத்துவத்தை வழக்குக்கு வழக்கு நிபுணரை வைத்து நிரூபிக்கத் தேவையில்லை என்று டான்டோனியோ வழக்கில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களைப் பிடித்த கருவி அன்றைக்குச் சரியாக இருந்ததா என்று கேளுங்கள். காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சோதனை) சான்றிதழின் தேதியையும் அதிலுள்ள கருவியின் வரிசை எண்ணையும் பாருங்கள். நோட்டீசில் உள்ள கெடுவைத் தவறவிட்டால் இதெல்லாம் வீண்.

கே: மரம்கூட வேகமாக ஓடியதாமே?

ப: 1979, மயாமி. பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாக ரேடார் காட்டியது! நீதிபதி ரேடார் சான்றைத் தள்ளினார். அதே கருவி, அதே கோளாறு என்று காட்ட முடிந்தால் மட்டும் அதை எடுத்துப் பேசுங்கள்.

கே: கேமரா சாய்வாக நின்றது. கோணப் பிழை எனக்குச் சாதகம்தானே?

ப: சாலையோரம் நிற்கும் சாதாரண ரேடாரில், ஆமாம். 20 டிகிரி சாய்வில் 100 கி.மீ. வேகம் 94 ஆகத்தான் தெரியும்.

(இடையில் இன்னொருவர்: "கோணத்தைக் கருவியே திருத்திக்கொள்ளுமே?")

சரியான குறுக்கீடு. அங்கேதான் சிக்கல். 20 டிகிரி என்று கணக்குப்போடும் கருவி உண்மையில் 15 டிகிரியில் நின்றால், 100 கி.மீ. 103 ஆகிவிடும். அதனால் நிறுவிய அன்றைய கோணப் பதிவைக் கேளுங்கள். அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் இருந்தால் இன்னும் நல்லது. 100 கி.மீ. வேகத்தில் வண்டி சுமார் 13.9 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். சாலையில் வரைந்த கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

("3 கி.மீ.க்காகவா வழக்கு?" என்கிறார் அதே நண்பர். வரம்பை ஒட்டி ஓடியவருக்கு அந்த மூன்றுதான் வழக்கே.)

கே: படத்தில் என் முகம் இல்லை.

ப: பிரிட்டனில் ஓட்டியவர் யாரென்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும். மௌன உரிமையை அது மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தை உள்ளூர் வக்கீலிடம் கேளுங்கள்.

கே: எனக்கும் முகம் தெரியவில்லை...

ப: மேலே உள்ளது. கெடு தேதி!

கே: டிஜிட்டல் படத்தைத் திருத்தியிருந்தால்?

ப: 2005-ல் சிட்னியில் ஒருவர், படம் மாற்றப்படவில்லை என்று காட்டப் பயன்படும் எம்.டி.5 என்ற கணினிக் குறியீட்டுப் பாதுகாப்பையே கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அரசுத் தரப்பால் நிபுணரைக் கொண்டுவர முடியாமல் வழக்கு விழுந்தது. சும்மா சந்தேகப்பட்டால் எடுபடாது.

கே: நம்பர் பிளேட்டில் ஸ்பிரே அடித்தால்?

ப: அடுத்த கேள்வி.