டேலி ஓடும் சர்வரிலேயே போன் எக்சேஞ்சையும் ஏற்றலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம் செய்கிறேன். தென்காசி, அம்பை, வள்ளியூரில் கிளைகள் உண்டு. மொத்தம் 40 எக்ஸ்டென்ஷன். ஆபீஸ் போன்களை இணைக்கும் பழைய இபிஏபிஎக்ஸ் (எக்சேஞ்ச்) பெட்டிக்கு இனி ஸ்பேர் கிடைக்காதாம். "டேலி ஓடுற சர்வர்ல ஏற்கெனவே நாலு விர்ச்சுவல் மெஷின் இருக்கு, அஞ்சாவதா எக்சேஞ்சையும் ஏத்திரலாம், தனிப் பெட்டி எதுக்கு?" என்கிறான் சர்வர் பார்க்கும் தம்பி. பக்கத்துக் கடைக்காரரோ குரல் வெட்டி வெட்டிக் கேட்கும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதை நம்ப?

பதில்: அண்ணாச்சி, ரெண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எக்சேஞ்சை விர்ச்சுவல் மெஷினில், அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனிக் கம்ப்யூட்டரில், ஓட்டுவது புதுசு ஒன்றுமில்லை. சிஸ்கோ, அவாயா போன்ற பெரிய கம்பெனிகளே அப்படித்தான் தருகின்றன. 1999இல் வந்த ஆஸ்டரிஸ்க் போன்ற இலவச எக்சேஞ்ச் மென்பொருளும் நன்றாகவே ஓடும். கூட இருக்கும் நாலு மெஷினும் அதைச் சும்மா விடுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டேலி பில் அரிசி மூட்டை மாதிரி. லாரி அரை மணி தாமதித்தாலும் மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. குரல் பால் மாதிரி, நேரம் தப்பினால் கொட்ட வேண்டியதுதான். நீங்கள் பேசும் ஒவ்வொரு நொடியையும் 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, 50 பாக்கெட்டாகப் போன் அனுப்புகிறது. கொஞ்சம் பிந்தி வருவதை மறுமுனையில் உள்ள ஜிட்டர் பஃபர் பொறுத்துக்கொள்ளும். அதற்கும் பிந்தினால் தூக்கி எறிந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் சொன்ன வெட்டு இதுதான்.

இன்டர்நெட் வேகம் இதில் பெரிய விஷயமே இல்லை. ஜி.711 என்ற குரல் குறியீட்டு முறையில் ஒரு காலுக்குப் போக, வர தலா 100 கிலோபிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து பேசினாலும் 1 மெகாபிட்தான். 'ஸ்பீடைக் கூட்டுங்க, சரியாகிரும்' என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கோளாறு வருவது பிராசசரில். நாலு மெஷினுக்கும் இருக்கிற கோர்களை விட அதிகமாக விர்ச்சுவல் சிபியு பங்கு போட்டிருப்பார்கள். டேலிக்கு அது உறைக்காது. எக்சேஞ்சோ தன் முறைக்காக வரிசையில் நிற்கும், நிற்கிற நேரத்தில் பாக்கெட் பிந்தும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளில் இந்தக் காத்திருப்புக்கு 'சிபியு ரெடி' என்று பெயர். அதன் ரியல்டைம் வரைபடம் 20 நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். ஒரு சிபியுவுக்கு அந்தப் புள்ளி 1000 மில்லிநொடி என்று காட்டினால் 5 சதவீதம் காத்திருப்பு. அதைத் தொட்டாலே நான் கவலைப்படுவேன். விஎம்வேருக்குப் பதில் பிராக்ஸ்மாக்ஸ் என்றால் எக்சேஞ்ச் மெஷினுக்குள் போய் 'டாப்' கட்டளையில் இதே காத்திருப்பைக் காட்டும் 'எஸ்டி' என்ற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்து எளிது. எக்சேஞ்சுக்கு 2 கோரும் அதன் ரேம் முழுவதும் ரிசர்வ் செய்து ஒதுக்க வேண்டும். 40 எக்ஸ்டென்ஷனுக்கு அது தாராளம். பாசத்தில் 8 கோர் கொடுக்க வேண்டாம். அத்தனைக்கும் இடம் பார்ப்பதே மெஷின்களுக்குப் பங்கு போடும் ஹைப்பர்வைசர் மென்பொருளுக்குப் பாடாகிவிடும். அப்புறம், சர்வரின் பயாஸ் செட்டிங்கில் மின்சிக்கன முறையை நிறுத்திவிட்டு 'மேக்சிமம் பர்ஃபார்மன்ஸ்' வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வாரக்கணக்கில் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேர நிலையை அப்படியே பிடித்து வைப்பது) கதையையும் சொல்லிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டையில் ஓர் அலுவலகம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாக் காலும் சில நொடி ஊமையாகும். போனை மாற்றினார்கள், ஸ்விட்சை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் ஏழு மணிக்கு பேக்கப் மென்பொருள் எல்லா மெஷினையும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறது! எடுக்கிற நேரத்தில் மெஷின் உறைந்து நிற்கும். எக்சேஞ்சுக்கு அதன் சொந்த பேக்கப் போதும், ஸ்னாப்ஷாட் பட்டியலில் இருந்து அதை எடுத்துவிடுங்கள். கால் ரெக்கார்டிங்கையும் டேலி இருக்கும் டிஸ்கில் போடாதீர்கள்.

சரி, வெளி லைன். பழைய பெட்டியில் 30 சேனல் பிஆர்ஐ (ஒரே இணைப்பில் 30 கால் போகும் டிஜிட்டல் லைன்) இருந்தால், அதற்கான கார்டை விர்ச்சுவல் மெஷினோடு கட்டி மல்லுக்கட்ட வேண்டாம். அந்த லைனை ஐபிக்கு மாற்றித் தரும் சின்ன கேட்வே பெட்டி ஒன்று வாங்கலாம். அல்லது உரிமம் பெற்ற டெலிகாம் நிறுவனத்திடம் சிப் டிரங்க் (ஐபி வழியே வரும் வெளி லைன்) கேளுங்கள்; உங்கள் 0462 எண் அப்படியே வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளைக்குக் கிளை ஐபியில் பேசிக்கொள்ளலாம். அதை வெளி லைனோடு இணைப்பதற்கு விதிகள் உண்டு, அதையும் அவர்களிடமே கேளுங்கள். சிம் பாக்ஸ் (பல சிம் கார்டுகளைப் போட்டுக் கால்களைத் திருப்பிவிடும் பெட்டி) வைத்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்புங்கள், அது போலீஸ் கேஸ். எக்சேஞ்ச் கால் வாங்கும் 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் 101க்குப் பாஸ்வேர்டும் 101 என்றிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யாரோ உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

சென்னை டேட்டா சென்டரிலேயே வைத்துவிடலாமா என்றும் யோசிப்பீர்கள். தூரம் பிரச்சினை இல்லை. ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. பாளையிலிருந்து சென்னைக்குச் சுற்றி வளைத்துப் போனாலும் ஒரு வழிக்குச் சில மில்லிநொடிதான். ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் போதும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை. ஆனால் லைன் அறுந்தால் பக்கத்து மேசைக்குக்கூடப் பேச முடியாது. வெவ்வேறு நிறுவனத்தின், வெவ்வேறு பாதையில் வரும் ரெண்டு லைன் இருந்தால் சென்னை. இல்லையென்றால் பாளையிலேயே இருக்கட்டும், மாடியில். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்குத் தரைத்தளத்தில் ஏன் சர்வர் வைக்கக்கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. எக்சேஞ்ச் பதில் சொல்லாவிட்டால் கால்கள் தானாக உங்கள் மொபைலுக்குத் திரும்பும்படி டிரங்க் நிறுவனத்திடம் முதல் நாளே ஏற்பாடு செய்துவிடுங்கள். சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும். போன்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சுக்கும் வேண்டும், அதை எல்லாரும் மறப்பார்கள்.

மாற்றும் முன்பு ஒரு சோதனை. டேலி பேக்கப்பை ஓடவிட்டு, கால் ரெக்கார்டிங்கையும் போட்டுவிட்டு, நாலு ஊரிலிருந்தும் பத்துப் பேரை ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். ஒருவருக்கு வெட்டினாலும் தம்பிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மார்ச் கணக்கு முடிக்கிற நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பழைய பெட்டி ஒரு மாதம் சுவரிலேயே இருக்கட்டும், பழைய இரும்புக்காரர் எங்கும் போய்விட மாட்டார்.