பி.பி. கூடுதல் என்கிறார்கள்: டெஸ்ட் முதலிலா, பாலிசி முதலிலா?

கேள்வி: எனக்கு 44 வயது. சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாலு பேர் வேலை செய்கிறார்கள். செலவு போக மாதம் 45,000 முதல் 60,000 ரூபாய் வரை நிற்கும். அப்பா 58 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். போன மாதம் ஒரு இலவச முகாமில் எனக்கு பி.பி. 150/96 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். உடம்புக்கு ஒன்றும் தெரியவில்லை. 6,999 ரூபாய்க்கு முழு உடல் பரிசோதனை என்று ஒரு விளம்பரம் வந்தது. அதை எடுக்கச் சொல்லி வீட்டில் நச்சரிப்பு. தெரிந்த ஏஜென்டோ, "டெஸ்ட் எடுத்தால் வியாதி பதிவாகிவிடும். பாலிசியை முதலில் போடுங்கள், முகாம் விஷயம் வேண்டாம்" என்கிறார். எதை முதலில் செய்ய?

பதில்: டெஸ்ட்டை. அதுவும் 6,999 ரூபாய் பேக்கேஜ் இல்லை.

ஒரே ஒரு அளவை வைத்து யாரையும் பி.பி.காரர் என்று முடிவுகட்ட மாட்டார்கள். டீ, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும். அப்போதும் 140/90-க்கு மேல் இருந்தால் மருத்துவர் கையில் விஷயத்தைக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசில்லை. வீட்டுக்கே ஒரு கருவி வாங்குவதானால் மேல்கையில் கட்டும் வகையை வாங்குங்கள். சுமார் 2,000 ரூபாய் ஆகும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் (புரதம்), ஒரு இ.சி.ஜி. இவ்வளவு போதும். லேபுக்கு லேப் மாறினாலும் 2,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் அந்தச் செலவும் இல்லை. வரிசையில் நிற்கும் நேரம்தான் செலவு. அப்பாவுக்கு வந்ததைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் அந்த ஒரு தகவலால் மருத்துவர் மேற்கொண்டு பார்க்கச் சொல்லலாம். உங்கள் தொழிலுக்கென்று ஒன்று: பற்றவைப்பில் காட்மியம் கலந்திருந்தால் அந்தப் புகை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் கிரியேட்டினினையும் ஆல்புமினையும் விடாதீர்கள். புகையிலை, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் வாயைத் திறந்து காட்டுங்கள், அது இரண்டு நிமிட வேலை.

பெரிய பேக்கேஜில் மிச்சப் பணம் பெரும்பாலும் வைட்டமின்களுக்கும் ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் 'குறியீடு'களுக்கும் போகிறது. அறிகுறி இல்லாதவருக்கு அந்தக் குறியீடுகள் லேசாகக் கூடினால் ஸ்கேன், அதன்மேல் ஸ்கேன் என்று செலவு இழுக்கும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையை, குடும்பத்தில் யாருக்கும் அந்தப் புற்றுநோய் இல்லை என்றால் 50 வயதில் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம்.

இனி ஏஜென்ட் பேச்சு. அதில் பாதி உண்மை. பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களில் மருத்துவர் கண்டறிந்த நோய், அல்லது ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய் 'ஏற்கெனவே உள்ள நோய்' ஆகும். அதற்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம், அதிகபட்சம் 3 ஆண்டுகள். முன்பு 4 ஆண்டுகளாக இருந்தது, 2024-ல் குறைந்தது. கூடுதல் பிரீமியம் கட்டினால் பி.பி., சர்க்கரையை இன்னும் சீக்கிரம் ஏற்கும் பாலிசிகளும் உண்டு. சொன்னால் நஷ்டம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வருடம் கழித்து நெஞ்சு வலியென்று அட்மிட் ஆகிறீர்கள். டியூட்டி டாக்டர் கேட்கும்போது, "முகாம்லயே பி.பி. இருக்குன்னாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு" என்று வீட்டம்மா உள்ளதைச் சொல்வார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறும். கம்பெனி அதை, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தோடு ஒப்பிட்டு, மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்கும், பாலிசியையே ரத்து செய்யவும் பார்க்கும். 60 மாதம் தொடர்ந்து கட்டிய பிறகுதான், மோசடியை நிரூபித்தாலொழிய, அந்தக் காரணத்தைக் கிளப்ப முடியாது. அன்றைக்கு ஏஜென்ட் போனை எடுப்பாரா என்பது வேறு கேள்வி.

குடும்பத்துக்கு 10 லட்சம் ஃப்ளோட்டர் (எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொகை) பாருங்கள். முதல்வர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. தனிநபர் பாலிசிக்கும் குடும்ப ஃப்ளோட்டருக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, எனவே பழைய கொட்டேஷனை வைத்துப் பேசாதீர்கள். விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. குடலிறக்கம், விரைவீக்கம், சிறுநீரகக் கல், புராஸ்டேட் வீக்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆண்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதும் இதே பட்டியல்தான்.

பல பாலிசிகளில் வருடம் ஒரு பரிசோதனை இலவசம். அந்த ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். அதில் சர்க்கரை தெரியவந்தாலும், கிளெய்ம் வாங்கினாலும், அதைக் காட்டி உங்களுக்கு மட்டும் பிரீமியத்தை ஏற்ற முடியாது. வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்தால், மருத்துவக் காப்பீட்டுக்கான கழிவின் (80டி என்பார்கள்) 25,000 வரம்புக்குள் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, ரொக்கமாகக் கட்டினாலும் செல்லும். பிரீமியத்தை மட்டும் ரொக்கமாகக் கட்டக் கூடாது. புதிய வரிமுறையில் இரண்டும் இல்லை.

மருத்துவமனை பில்லைத்தான் பாலிசி பார்க்கும். பட்டறை ஒரு மாதம் மூடினால் கூலியும் வாடகையும் உங்கள் தலையில்தான். மூன்று மாதச் செலவை வங்கியில் தனியே வையுங்கள், சீட்டில் வேண்டாம். ஏலம் எடுக்கும் முறை வரும்வரை நோய் காத்திருக்காது.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள், முகாம் அளவையும் தேதியோடு எழுதுங்கள். பாலிசியோடு படிவ நகலும் வரும். "பி.பி. உண்டா" என்ற இடத்தில் யாராவது 'இல்லை' என்று டிக் போட்டிருந்தால் உடனே கம்பெனிக்கு மெயிலில் திருத்தம் அனுப்புங்கள். ஒத்துவராவிட்டால் 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.