அடைவுநிலை 3 என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அறிக்கையில் அடைவுநிலை 3, 4 என்றுதான் வருகிறது. வகுப்பில் எத்தனையாவது என்றே தெரியவில்லை. பின்தங்கிவிடுவாளோ என்று வலைப்பந்துப் பயிற்சியை நிறுத்திவிட்டு தினமும் டியூஷனுக்கு அனுப்புகிறோம். இப்போது பள்ளி நாளில் காலையானால் வயிற்றுவலி என்கிறாள்.

பதில்: முதலில் வயிற்றுவலியைக் கவனியுங்கள், அம்மா. அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள். உடம்பில் கோளாறு இல்லை, விடுமுறை நாளில் வலியும் வருவதில்லை என்றால் மனப்பதற்றமாக இருக்கலாம். அப்போதும் வலி உண்மைதான். நடிக்கிறாள் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

அடைவுநிலை 1 முதல் 6 வரை உண்டு. 3 என்பது ஆறில் பாதி மதிப்பெண் அல்ல. படித்ததைப் புரிந்துகொண்டு, தானே செய்தும் காட்டுகிறாள் என்று பொருள். கல்வி அமைச்சு எதிர்பார்க்கும் குறைந்தபட்ச நிலையே அதுதான். ஆறாம் ஆண்டில் எழுதிவந்த அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தானது. இந்த அடைவுநிலையைத் தருவது வகுப்புசார் மதிப்பீடு, அதாவது ஆசிரியரே வகுப்பில் பார்த்துச் செய்யும் மதிப்பீடு. அது பிள்ளைகளை வரிசைப்படுத்துவதற்காக வந்ததல்ல; அதில் எத்தனையாவது இடம் என்று தேடினால் கிடைக்காது.

தேட வேண்டியது வேறு. மலாய்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று தனித்தனி நிலை இருக்கும். வாசிப்பில் 4, எழுத்தில் 2 என்றால் உதவி எழுத்துக்குத்தான் வேண்டும். இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் பாடங்கள் மலாய்க்கு மாறுவதால் இதை இப்போதே பார்ப்பது நல்லது. ஆசிரியரிடம், "எந்தத் திறனில் தடுமாறுகிறாள்? அவள் எழுதியதைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் டியூஷன் போதும்.

வலைப்பந்தை நிறுத்தியதுதான் எனக்கு மிகவும் வருத்தம். விளையாட்டும் புறப்பாடமும் பள்ளி மதிப்பீட்டில் ஒரு பகுதி. நான்காம் ஆண்டிலிருந்து செகாக் உடற்தகுதிச் சோதனையும் நடக்கிறது. பிற்காலத்தில் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் புறப்பாடத்துக்கே 10 விழுக்காடு உண்டு. அதெல்லாம் இருக்கட்டும், தோழிகளோடு ஓடியாடும் அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு இப்போது மருந்து. இந்த வாரமே திரும்ப அனுப்புங்கள்.

சிறிய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பதில்லை. அப்படியென்றால் வகுப்பாசிரியரையும், மாணவர் நலப் பிரிவைப் பார்க்கும் துணைத்தலைமையாசிரியரையும் சந்தித்து வயிற்றுவலி விஷயத்தைச் சொல்லுங்கள். வகுப்பிலோ பேருந்திலோ யாராவது சீண்டுகிறார்களா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். காரணம் படிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.